ஸ்டிராடின் கோட்டைக்குள் பின்வாசல் வழியாக

மெதுவாகப் படியிறங்கி வாருங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் துண்டுச் சீட்டுகளில் தோள் பட்டால் அரை கோட்டை உதிர்ந்துவிடும்! அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு வீட்டின் நிலவறை இது. அக்டோபர் கடைசி. நாளை மாலை ஐந்து பேர் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஸ்டிராட் என்ற ரத்தக்காட்டேரியின் கோட்டைக்குள் நுழையப் போகிறார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியப்போகிறது!

ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, இதே மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்து விளையாடுவார்கள், இழுபறி வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். கதை சொல்பவர்தான் டன்ஜன் மாஸ்டர். நம்மை உள்ளே விட்டவர் பகலில் பள்ளிக்கூட ஆசிரியை. இப்போது காதில் பென்சில், முழங்காலில் தூசி, கண்ணில் தூக்கமின்மை.

மேசை நடுவே மடித்து நிறுத்திய அட்டைத் திரையைப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் பக்கம் அழகான ஓவியம். நான் எப்போதும் உட்கார்ந்தது அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் வந்து நின்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அட்டவணைகள், அடித்துத் திருத்திய பெயர்கள், காபிக் கறை படிந்த கோட்டை வரைபடம், ஒரு ஜாடி நிறைய கரடி மிட்டாய். மிட்டாய் எதற்கு? அவைதான் ஓநாய்கள். எந்த ஓநாயை யார் வீழ்த்துகிறாரோ அவரே அதைத் தின்னலாம். சோடா மூடிகள் எல்லாம் நடைப்பிணங்கள். ஸ்டிராடுக்கு மட்டும் வண்ணம் தீட்டிய உண்மையான பொம்மை. அதன் மேலங்கியில் சிவப்பு இன்னும் காயவில்லை, தொடாதீர்கள்.

கோட்டை இவர் கட்டியதல்ல. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதி 1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' என்ற முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தில் பிறந்தது. ஏதோ ஓர் ஆட்டத்தில், ஒரு பாதாள அறையில் காரணமே இல்லாமல் ஒரு ரத்தக்காட்டேரி நின்றதாம். "இவனுக்கு இங்கே என்ன வேலை?" என்ற எரிச்சலில்தான் டிரேசிக்கு ஸ்டிராட் உருவானான். ஆண்டுதோறும் ஹாலோவீனுக்கு நண்பர்களை வைத்து ஆடிப் பார்த்தே செதுக்கினார்கள். 2016-இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்டிராட்' என்ற பெயரில் அதே கோட்டை பெரிதாகத் திரும்பி வந்தது. அறைகளைப் புத்தகம் தருகிறது. எந்த அறையில் யார் நிற்கிறார்கள், எப்போது அசைகிறார்கள் என்பதைத்தான் நம் ஆசிரியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

எப்படி எழுதுகிறார் தெரியுமா? ஒரு பாத்திர மூடியை எடுத்துக் கல்தரையில் 'டங்' என்று போட்டார். நான் துள்ளிவிட்டேன். மேல்தளத்திலிருந்து கணவரின் குரல்: "என்ன உடைஞ்சுது?"

"பாத்தீங்களா, மாடியில படுத்திருந்த மனுஷனுக்கே கேட்டுடுச்சு. கோட்டைக் காவலுக்குக் கேக்காதா?"

இதுதான் இவருடைய ரகசியம். அறைக்கு ஒரு சண்டை என்று வைத்தால், பக்கத்து அறையில் வாள் மோதும்போது இங்கே இருப்பவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கோட்டையில் எனக்கும் சண்டை ருசித்ததில்லை. அதனால் இவர் எழுதுவது அறைப் பட்டியல் இல்லை, ஆள் பட்டியல். யார் எங்கே, சத்தம் கேட்டால் என்ன செய்வார், வந்து சேர எத்தனை சுற்று. ஒரு சுற்று என்றால் கதைக்குள் ஆறு விநாடி. ஓடினால் சுற்றுக்கு அறுபது அடி. நூற்றெண்பது அடிக்கு அப்பால் நிற்கும் காவலாளி மூன்றாம் சுற்றில் வாசலில் மூச்சு வாங்குவான். இன்னொருவன் வரவே மாட்டான், எஜமானிடம் தகவல் சொல்ல ஓடிவிடுவான். "அவனைத் துரத்துறதா, இங்க நிக்கிறதா? அங்கதான் அஞ்சு பேரும் அடிச்சுக்குவாங்க!" என்று கைகொட்டிச் சிரிக்கிறார்.

கைகாக்ஸ் 1978-இல் எழுதிய மலை ராட்சதத் தலைவனின் கோட்டையும் இந்த வகைதான் என்று பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வாசல் காவலர்கள் குடித்துவிட்டு உறங்க, உள்ளே பெருங்கூடத்தில் விருந்து அமளி. பதுங்கிப் போகிறவன் பிழைப்பான்.

இதோ, மகள் வந்துவிட்டாள். பள்ளிச் சீருடைக்குப் பதில் பைஜாமா, கையில் வறுத்த சோளம். ஐந்து ஆட்டக்காரர்களும் அவளே. ஒத்திகை தொடங்குகிறது! அம்மா மேசைமேல் கட்டம் போட்ட விரிப்பைப் பரப்பி, ஈரத்துணியால் பழைய கோடுகளைத் துடைத்து, புதிதாகக் கூடம் வரைகிறார். ஹீட்டர் சூட்டில் நெற்றி வியர்க்கிறது. முதல் சுற்று ஓடியது, இரண்டாவதும் ஓடியது. நடைப்பிணங்கள் வாசலை நெருங்கும்போது மகள் சோளத்தை மென்றபடி சொன்னாள்: "கதவைச் சாத்துறேன். சாப்பாட்டு மேசையை இழுத்து முட்டுக் கொடுக்கிறேன்."

"ஸ்டிராட் சுவருக்குள்ளயே நடந்து வருவான்."

"வரட்டும். அவன் ஆளுங்க வர முடியாதே."

"நினைச்ச மாத்திரத்துல கதவைத் திறப்பான்!"

"கதவு திறக்கும். மேசை நகருமா?"

அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு வாரமாகக் கணக்குப் போட்டு வைத்த துணைப்படை முழுவதும் வெளியே. வில்லன் மட்டும் உள்ளே, ஐந்து பேருக்கு நடுவில் தன்னந்தனியாக. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். மாறாக எழுந்து மகளைக் கட்டிக்கொண்டு குதித்தார். ஓட்டையை அடைப்பீர்களா என்று கேட்டேன். "மாட்டேன். நாளைக்கு யாருக்காவது இது தோணினா, அது அவங்க சம்பாதிச்சது" என்றவர், வரைபடத்தில் அந்த மேசையை இன்னும் கொஞ்சம் பெரிதாக வரைந்தார். இந்த ஒரு கோட்டுக்காகவே இவரிடம் ஆட வேண்டும் என்று தோன்றியது.

உணவுக்கூடத்தில் ஆர்கன் வாசித்தபடி ஸ்டிராட் வரவேற்கும் காட்சியை மட்டும் இவர் தொடவில்லை. தாக்கப் போனால் அது வெறும் மாயத்தோற்றம். உருவம் மறைய, குளிர்காற்று அடித்து விளக்குகள் அணையும். நாளை அந்த நொடியில் அறை விளக்கை அணைக்கும் பொறுப்பு கணவருக்கு. அவரும் கீழே வந்து, சுவிட்ச் அருகே நின்று, மனைவியின் கண்ஜாடைக்குக் காத்திருந்து, ஒவ்வொரு தடவையும் அரை விநாடி முந்திக்கொள்கிறார். மூவரும் சிரித்து ஓய்ந்து மறுபடியும் முதலிலிருந்து.

கடைசிச் சண்டை எங்கே நடக்கும் என்பதை 1983 புத்தகத்திலேயே ஒரு குறிசொல்லியின் சீட்டுகள்தான் தீர்மானிக்கும். அதனால் பல இடங்களையும் தயாராக வைத்திருக்கிறார். பெரும்பாலானவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை. வீழ்ந்தாலும் ஸ்டிராட் பனிப்புகையாகித் தன் சவப்பெட்டிக்குத் தப்புவான். அந்த வழிக்கும் ஒரு பக்கம் எழுதியாகிவிட்டது.

உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆட்டக்குழு இருந்தால், ஆட்டத்துக்கு முந்தின நாள் தின்ன ஏதாவது வாங்கிக்கொண்டு டன்ஜன் மாஸ்டர் வீட்டுக்குப் போங்கள். ஒத்திகைக்குக் காவலாளியாக ஒரு மணி நேரம் நின்று கொடுங்கள். ஆள் பற்றாக்குறை அந்தப் பக்கத்தில்தான்.