தாய்வழி ஏடு

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலொடு கலக்கும் கழிமுகங்களுக்கு இடையில், பிச்சாவரம் சதுப்புநிலக் காடு பரந்து கிடக்கின்றது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரை ஈந்த தில்லை மரம் இன்றும் அக்காட்டில் வளர்கின்றது. உப்பங்கழியின் ஓரங்களிலோ சுரபுன்னை மரங்கள் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி நிரைநிரையாக நிற்கின்றன. படகிற் செல்வோர்க்கு அவை யாவும் ஒன்றுபோலவே தோன்றும். செடிநூல் வல்லார் கண்ணுக்கு அவற்றுள் இரண்டு இனங்கள் புலனாகும். ஒன்று ரைசோபோரா அப்பிகுலேட்டா; மற்றொன்று ரைசோபோரா மியூக்ரோனேட்டா. இவ்விரண்டிலும் முற்ற அடங்காத மூன்றாவது வகை மரமும் ஆங்கு உண்டு.

இம்மூன்றாம் மரத்தின் பிறப்பைக் குறித்து நெடுநாள் ஐயம் இருந்தது. வேறு நாடுகளில் காணப்படும் லமார்க்கி என்னும் கலப்பினமே இது என்று முதலிற் கருதினர். ஆனால் லமார்க்கியின் பெற்றோருள் ஒன்று ஸ்டைலோசா என்னும் இனம். அவ்வினமோ பிச்சாவரத்தில் இல்லை. இல்லாத மரம் எவ்வாறு பெற்றோராகும்? பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசன், இதனைத் தனி வகையாகக் கொண்டு, 1995-ஆம் ஆண்டில் ரைசோபோரா அண்ணாமலையானா எனப் பெயரிட்டார். சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அம்மரத்தின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, பக்கத்தே நிற்கும் அப்பிகுலேட்டாவும் மியூக்ரோனேட்டாவுமே அதன் பெற்றோர் என்பதை 1997-இல் வெளியிட்டனர். காட்டின் வழக்கு ஓர் இலையின் சான்றினால் தீர்ந்தது.

இலையில் அத்தகைய சான்று எங்கே உள்ளது? ஒவ்வோர் உயிரணுவிலும் மூன்று ஏடுகள் உள்ளன எனலாம். உட்கருவில் இருப்பது பெரிய ஏடு. அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. பசுங்கணிகத்தில் இருப்பது இரண்டாவது. மைட்டோகாண்ட்ரியா அல்லது இழைமணி என்னும் நுண்ணிய உறுப்பில் இருப்பது மூன்றாவது. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துத் தரும் உலைக்களமே இழைமணி. பூக்குஞ் செடிகளுள் பெரும்பாலானவற்றில் இது மகரந்தத்தின் வழியே வருவதில்லை. சூலின் வழியே, அதாவது தாயிடமிருந்தே வருகின்றது. ஆதலின் கலப்பின மரம் ஒன்றின் இழைமணி ஏட்டைப் பெற்றோர் இனங்களின் ஏடுகளோடு ஒப்பிட்டால், எவ்வினம் அதனை ஈன்றது என்பது விளங்கும். கலப்பில் இரண்டு இனங்களும் தாயாதல் கூடுமாகலின், ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே வினவ வேண்டும்.

மனிதனுடைய இழைமணி ஏடு 1981-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதில் 16,569 எழுத்துகளே உள்ளன. செடிகளின் ஏடு அவ்வளவு சிறியதன்று. 2002-இல் படிக்கப்பட்ட நெல்லின் இழைமணி ஏட்டில் 4,90,520 எழுத்துகள் உள்ளன. சைலீன் கோனிக்கா என்னும் சிறு பூச்செடியில் அவை ஒரு கோடியைத் தாண்டுகின்றன. புல்லுருவி இனம் ஒன்றிலோ ஏறத்தாழ 66,000 எழுத்துகளே உள்ளன. ஆயினும் ஏடு பெருத்ததனால் பொருள் பெருத்துவிடவில்லை. புரதம் ஆக்கும் ஜீன்கள் நாற்பதை ஒட்டியோ, அதனினுங் குறைந்தோதான் இருக்கும். எஞ்சிய இடத்தை நிரப்புவன, ஜீன்களுக்கு இடையே கிடக்கும் நெடுந்தொடர்களும், வேற்றிடத்திலிருந்து புகுந்த துண்டுகளுமே ஆகும். நெல்லின் இழைமணி ஏட்டில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் பசுங்கணிகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாம்.

இவ்வேட்டை எந்தக் கருவியாலும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் எளிதாகப் படித்துவிட இயலாது. இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போதே அது துண்டுதுண்டாகி விடுகின்றது. கருவி ஒவ்வொரு துண்டையும் படித்துத் தரும். சில கருவிகள் நூற்றைம்பது எழுத்துகள் அளவிலும், சில பல்லாயிரம் எழுத்துகள் அளவிலும் படிக்கும். பின்னர் அத்துண்டுகளைக் கோப்பதே பெரும்பணி. ஒரு துண்டின் இறுதியும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்திருந்தால் அவ்விரண்டும் அடுத்தடுத்தவை என்று கணிப்பொறி இணைக்கின்றது.

பழைய ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இத்துன்பத்தை நன்கு அறிவார்கள். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கிய உ. வே. சாமிநாதையர், ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பியும், பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கியும் உண்மைப் பாடத்தைக் கண்டார். முறிந்த ஓலையில் செய்யுளின் நடுப்பகுதி இருந்தால் அதன் இடம் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு பதிகத்தின் பாட்டுகள்தோறும் ஒரே தொடர் ஈற்றில் வருமாயின், அத்தொடர் மட்டும் எஞ்சிய ஓலைத்துண்டை எந்தப் பாட்டின்கீழ்ச் சேர்ப்பது? எல்லாவற்றின்கீழும் அது பொருந்தும்! செடிகளின் இழைமணி ஏட்டிலும் இவ்வாறே ஒரே தொடர் இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வருவதுண்டு. சிறு துண்டுகளைக் கோக்கும் கணிப்பொறி அங்கே வழி தவறும். அத்தொடரின் இருபுறத்தையும் ஒருங்கே தாண்டிச் செல்லும் நெடுந்துண்டு கிடைத்தால் ஐயம் நீங்கும்.

வியப்பு இனிமேல்தான் உள்ளது. சிலவேளைகளில் நெடுந்துண்டுகளே இரண்டு வெவ்வேறு வரிசைகளைக் காட்டும். இரண்டும் உண்மையாகவும் இருக்கும். 1984-இல் பாமர், ஷீல்ட்ஸ் என்னும் இருவர் கடுகினச் செடி ஒன்றில் இதனைக் கண்டனர். அதன் இழைமணி ஏடு ஏறத்தாழ 2,18,000 எழுத்துகள் கொண்ட வளையமாக அமைந்தது. அதே செடியில் 1,35,000 எழுத்துகள் கொண்ட வளையமும், 83,000 எழுத்துகள் கொண்ட வளையமும் இருந்தன. பின்னைய இரண்டையும் கூட்டினால் முன்னையது வரும். பெரிய வளையத்தில் ஒரே தொடர் ஈரிடங்களில் உள்ளது. அவ்விடங்கள் ஒன்றையொன்று தழுவி அற்று இணையும்போது பெருவளையம் இரண்டாகப் பிரிகின்றது. மீண்டும் கூடவும் செய்கின்றது. நுண்ணோக்கியில் பார்த்தவர்களோ வளையத்தைவிடக் கிளைத்த இழைகளையும் நேரிழைகளையுமே மிகுதியாகக் கண்டார்கள். ஆகவே நூல்களில் வரையப்படும் அழகிய ஒற்றை வட்டம் ஒரு வசதிக்காக வரைவதே. கிளைபிரியும் இடங்களை மறைக்காமல் காட்டும் படமே நேர்மையான படம்.

இவ்வாறு கோத்த ஏடுகளை இனத்துக்கு இனம் ஒப்பிடுங்கால் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. பெரும்பாலான செடிகளில் இழைமணி ஜீன்களின் எழுத்துகள் மிக மெதுவாகவே மாறுகின்றன. பசுங்கணிகத்தின் எழுத்துகளைவிடவும் மெதுவாக. வரிசையோ விரைவாகக் குலைகின்றது. முட்டைக்கோசும் டர்னிப்பும் நெருங்கிய உறவினவாயினும், அவற்றின் இழைமணி ஜீன்கள் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றாகவும், நிற்கும் முறையில் வேறாகவும் உள்ளன. சொற்கள் மாறாமல் பக்கங்கள் மட்டும் இடம்மாறிய சுவடி போன்றது அது.

பக்கங்கள் இடம்மாறுவதால் என்ன கேடு என்று எண்ணலாம். ஒரு ஜீனின் தலையும் மற்றொன்றின் வாலும் ஒட்டிக்கொண்டு, முன்பு இல்லாத புதிய ஜீன் ஒன்று பிறந்துவிடுவதுண்டு. அது சில செடிகளில் மகரந்தத்தைக் கெடுத்துவிடும். உலைக்களம் பழுதானால் மகரந்தம் ஆக்கும் கடும்பணி நின்றுபோகும் போலும். இத்தகைய ஆண்மலட்டுச் செடி தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. அடுத்த வரிசையில் நடப்பட்ட வேற்று வகையின் மகரந்தத்தையே ஏற்கும். வீரிய ஒட்டு விதை ஆக்குவோர்க்கு வேண்டுவது இதுவே. 1970-இல் சீனத்தின் ஹைனான் தீவில் கண்டெடுக்கப்பட்ட காட்டு நெல் ஒன்றிலிருந்து அத்தகைய தாய்வழி பெறப்பட்டது. தமிழ்நாட்டில் 1994-இல் கோயம்புத்தூரிலிருந்தும், 1998-இல் சிதம்பரத்துக்குத் தென்மேற்கே காவிரிப் படுகையில் உள்ள ஆடுதுறையிலிருந்தும் வெளிவந்த வீரிய ஒட்டு நெல் வகைகள் அத்தாய்வழியைச் சார்ந்தவை. மகரந்தத்தைக் கெடுக்கும் ஜீன் இன்னதென்பது 2013-இல்தான் தெளிவாயிற்று.

ஒரே தாய்வழியை நாடெங்கும் பரப்புவதில் இடர் உண்டு. அமெரிக்காவில் மக்காச்சோள விதையின் மிகப் பெரும் பகுதி டெக்சஸ் என்னும் ஓர் ஆண்மலட்டுத் தாய்வழியிலிருந்தே ஆக்கப்பட்டு வந்தது. 1970-இல் இலைக்கருகல் நோய்க் காளான் ஒன்று அவ்வயல்களில் பரவியது. அந்நாட்டு மக்காச்சோள விளைவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அழிந்தது. பிற தாய்வழியிற் பிறந்த செடிகள் அந்நோயை ஓரளவு தாங்கி நின்றன. பின்னர் ஏட்டைப் படித்தபோது காரணம் புலனாயிற்று. ஒட்டுத்துண்டுகளால் பிறந்த ஒரு ஜீன் ஆக்கும் புரதம் இழைமணியின் சவ்வில் தங்கியிருந்தது. காளானின் நஞ்சு அப்புரதத்தைத் தொட்டதும் சவ்வு ஓட்டையாகி ஆற்றல் ஒழுகிப் போயிற்று. மகரந்தத்தைக் கெடுத்த அதே ஜீன்தான் நோய்க்கும் வாயில் திறந்தது. அதன்பின் அமெரிக்க விதை வணிகர் டெக்சஸ் தாய்வழியைக் கைவிட்டு, மக்காச்சோளக் கதிர்களின் ஆண்பூங்கொத்துகளைப் பழையபடி கையாலும் பொறியாலும் கிள்ளி எறியத் தொடங்கினர்.