ஏலத் தொகையும் கலைஞரின் பங்கும்

கருவேப்பிலங்குறிச்சியை அடுத்த விருத்தாசலத்தில், பீங்கான் சூளைகளிலிருந்து வெளிவரும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் எண்ணிக்கைக் கணக்கில் விலைபோகின்றன. செய்தவர் யார் என்று வாங்குபவர் கேட்பதில்லை. ஓவியச் சந்தையிலோ பெயருக்குத்தான் விலை. ஆயினும், விலை உயரும்போது அப்பெயருக்கு உரியவரின் வாழ்வும் உயர்கிறதா என்பதே கேள்வி.

எம்.எஃப். உசேன் 1954-இல் வரைந்த 'கிராம யாத்திரை' ஓவியம் அன்று சுமார் ரூ.1,400-க்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அதன் விலை 1.38 கோடி டாலர், ஏறத்தாழ ரூ.118 கோடி. இத்தகைய சாதனைகளைக் கொண்டே கலைச் சந்தை வளர்வதாகக் கூறுகிறோம். ஆனால், ஏல விலை என்பது ஓவியத்தை வைத்திருந்தவரின் ஆதாயம். வரைந்தவரின் வருமானம் அன்று.

சென்னையின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளி இங்கே தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களை உருவாக்கியது. ஆனால், 1960-களில் நவீன ஓவியங்களை வாங்குவோர் அரிதாகவே இருந்தனர். அப்போது அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஒரு வழி கண்டார். கலைஞர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாயைத் திரட்டி ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. கைவினை சோறிட்டதால், வாங்குபவரின் விருப்பத்துக்கேற்பத் தூரிகையை வளைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படவில்லை.

நிலையான வருவாயே கலையைக் காக்கிறது. அதற்கான வழியொன்று நம் சட்டத்திலேயே உள்ளது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, மூல ஓவியமோ சிற்பமோ ரூ.10,000-க்கு மேல் மறுவிற்பனையானால், படைத்தவருக்கு அல்லது அவருடைய வாரிசுக்கு அதில் பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். ஆனால், பங்கின் அளவைச் சட்டம் நேரடியாக நிர்ணயிக்கவில்லை. தனியொரு கலைஞர் அதற்காக வழக்காடுவது எளிதன்று. ஆகவே, அந்த உரிமை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது. பிரிட்டனிலோ 2006 முதல் இப்பங்கு விகிதவாரியாக வரையறுக்கப்பட்டு, கலைஞர்களின் சார்பில் அமைப்புகளால் வசூலிக்கப்படுகிறது.

இங்கும் பங்கின் விகிதம் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். அதை வசூலித்துத் தரும் அமைப்பும் உருவாக வேண்டும். ஏல நிறுவனங்களும் காட்சிக்கூடங்களும் ஒவ்வொரு மறுவிற்பனையையும் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

அச்சில் வார்த்த பொம்மைக்கு இவ்வுரிமை பொருந்தாதுதான். ஆனால், விருத்தாசலத்தில் களிமண் பழகிய ஒரு கை நாளை மூலச் சிற்பம் ஒன்றைப் படைத்தால், அடியில் தன் பெயரைப் பொறிக்கட்டும். விற்பனைச் சீட்டின் நகலைப் பத்திரப்படுத்தட்டும். அச்சிற்பம் எத்தனை கை மாறினாலும் அதன் விலையில் ஒரு பங்கு படைத்தவரிடம் திரும்ப வேண்டும். அப்போதுதான் கலைச் சந்தையின் வளர்ச்சி நிலைபெறும்.