கிராபிக்ஸ் கார்டு: கொடுக்கும் விலைக்குத் தகுந்த சரக்குதானா?

நம் வணிகப் பெருமக்கள் சிலர் சமீப காலமாக என்னைக் கண்டால் பருப்பு ரேட் கேட்பதோடு நிற்பதில்லை. "அண்ணாச்சி, பையன் எண்பதாயிரத்துக்கு ஒரு கார்டு கேக்கான். ரேஷன் கார்டு தெரியும், ஏ.டி.எம். கார்டு தெரியும். இது என்ன கார்டு? வாங்கிக் கொடுக்கலாமா?" என்கிறார்கள். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன் நான். ஆனால் எங்கள் மண்டிக் கணக்கு பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய நாள் முதல் அதற்கான சாமான்களைக் கொள்முதல் செய்வது என் பொறுப்பாகவே இருந்து வருகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பேரனும் இருக்கிறான். எந்தச் சரக்கானாலும் அதன் தரம், தேவை, விலை ஆகிய மூன்றையும் பார்த்தே வாங்க வேண்டும் என்பது நம் தொழில் நமக்குக் கற்றுத் தந்தது. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரின் திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டுத் தருவது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. எழுத்து, பில், கணக்குப் பட்டியல் போன்றவற்றிற்கு அந்த வேலை மிகவும் சிறியது. இன்றைய பெரும்பாலான பிராசஸர்களிலேயே அதற்கான சிப் உள்ளடங்கி வந்து விடுகிறது. முப்பரிமாண விளையாட்டு, அனிமேஷன், வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவு என்று வரும்போது வேலை பல மடங்கு கூடும். அதற்காகத் தனியே செருகுவதுதான் கிராபிக்ஸ் கார்டு. இதற்கான சிப்பில் முதலிடம் அமெரிக்காவின் என்விடியாவுக்கு. ஏ.எம்.டி., இன்டெல் ஆகியவையும் இத்துறையில் உண்டு.

கடைக்குத் தேவையா?

தேவையே இல்லை. பில் போட, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்ய, இருப்புக் கணக்குப் பார்க்க, நான்கு கேமராக்களின் படத்தைத் திரையில் ஓட விட, பிராசஸரோடு வரும் சிப்பே தாராளமாகப் போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் நம்மில் பலர் பில்லிங் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டியதாயிற்று. "புது விண்டோஸுக்கு நல்ல கார்டு வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்டோஸ் 11 பார்ப்பது முக்கியமாகப் பிராசஸரின் தலைமுறையையும் பாதுகாப்புச் சிப்பையும்தான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்றுக் கொள்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் சிப் கிடையாது. சில நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ குறைவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், திரையில் படம் வரவே தனிக் கார்டு வாங்கியாக வேண்டும். கொட்டேஷனில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து விட்டுப் பணம் கட்டுங்கள். கடைக்கு உண்மையிலேயே வேகம் வேண்டுமானால் எஸ்.எஸ்.டி., போதுமான ரேம், ஒரு நல்ல யு.பி.எஸ். ஆகியவற்றில் பணத்தைப் போடலாம்.

நம் கணக்கில் எவ்வளவு?

2025 ஜனவரியில் என்விடியா தன் புதிய 50 வரிசைக் கார்டுகளை அறிவித்தது. இந்தியாவுக்கு அது அறிவித்த விலை ஆர்.டி.எக்ஸ். 5070-க்கு 59,000 ரூபாய், 5070 டி.ஐ.-க்கு 80,000, 5080-க்கு 1,07,000, உச்சத்தில் உள்ள 5090-க்கு 2,14,000. கடை விலை அதிலிருந்து ஏறியும் இறங்கியும் இருக்கும். இவற்றிற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 59,000 ரூபாய்க் கார்டில் 9,000 ரூபாய் வரி.

"கடை பெயரில் பில் வாங்கி அந்த 9,000-ஐ உள்ளீட்டு வரியில் கழித்துக் கொள்ளலாமே" என்று ஒரு அன்பர் கேட்டார். கூடாது. சொந்த உபயோகத்திற்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. மளிகைக் கடையின் கணக்கில் விளையாட்டுக் கார்டு இருந்தால் தணிக்கைக்கு வருபவர் முதலில் கை வைப்பது அந்தப் பில்லில்தான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எந்தக் கொள்முதலுக்கும் உள்ளீட்டு வரி கிடையாது என்பது தெரிந்ததே.

சர்க்கரை, அரிசி, எண்ணெய் விற்பவனுக்கு எல்லாச் செலவும் போக நூற்றுக்கு இரண்டு ரூபாய் மிஞ்சினால் பெரிய காரியம். அந்தக் கணக்கில் ஒரு 59,000 ரூபாய்க் கார்டுக்கு நாம் இருபத்தொன்பதரை லட்ச ரூபாய்ச் சரக்கு விற்றிருக்க வேண்டும். 5090 என்றால் ஒரு கோடியே ஏழு லட்சம். இதைப் பிள்ளைகளிடம் கோபமாகச் சொல்லாமல், பேப்பரில் எழுதிக் காட்டிச் சொல்லுங்கள். கடையின் வருமானம் எப்படி வருகிறது என்பதை அவர்களும் தெரிந்து கொள்ளட்டும்.

விலை ஏறிய கதை

2017-இல் வீட்டு உபயோகக் கார்டுகளில் உச்சமாக வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ.யின் விலை 699 டாலர். 2020 செப்டம்பரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080-க்கும் அதே 699 டாலர் என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த விலைக்குச் சரக்கு கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கொரோனாக் காலத்துச் சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம். ஈதரியம் என்ற மின்காசைக் கம்ப்யூட்டர் கணக்கு மூலம் ஈட்டலாம் என்று கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கியவர்கள் மறுபக்கம். 2021-இல் அறிவித்த விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல் விற்றது.

இதைப் படிக்கையில் 2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நமக்கு ஞாபகம் வராமல் போகாது. ஏறுமுகத்தின் உச்சியில் வாங்கி இருப்பு வைத்தவர்களின் கதி என்ன? 2017-இல் விளைச்சல் பெருகி, துவரை ஆதார விலைக்கும் கீழே போயிற்று. கார்டிலும் அப்படியே நடந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈதரியம் தன் முறையை மாற்றிக் கொண்டதால் அதற்குக் கார்டே தேவையில்லாமல் போனது. அடுக்கி வைத்திருந்த கார்டுகள் பழைய சாமான் சந்தைக்குப் பெருக்கெடுத்து வந்தன. தட்டுப்பாட்டுக் காலத்தில் விளையாட்டுக்காக இரு மடங்கு விலை கொடுத்த தகப்பன்மார்களுக்குத்தான் நஷ்டம்.

அதற்காக, காத்திருந்தால் எப்போதும் விலை இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது நிலைமை வேறு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் சுமார் 130 பில்லியன் டாலர். அதில் விளையாட்டுக் கார்டுப் பிரிவின் பங்கு சுமார் 11 பில்லியன்தான். சுமார் 115 பில்லியன், செயற்கை நுண்ணறிவுக்காகப் பெருநிறுவனங்கள் வாங்கிய டேட்டா சென்டர் சரக்கில் வந்தது. லாரி லாரியாக எடுக்கும் மில்காரர் வாசலில் நிற்கும்போது, பத்து கிலோ கேட்பவருக்கு ரேட் குறைப்பார் யார்? 2025-இன் கடைசி மாதங்களில் மெமரி சிப் விலையும் உலகெங்கும் கடுமையாக ஏறியது. அதற்கும் இந்த டேட்டா சென்டர் கிராக்கிதான் முக்கியக் காரணம்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. என்விடியா சிப்பை வாங்கிக் கார்டாகச் செய்து விற்கும் நிறுவனங்கள் தனி. அவற்றில் அமெரிக்காவில் பெயர் பெற்றிருந்த இ.வி.ஜி.ஏ. 2022 செப்டம்பரில் கார்டு வியாபாரத்தையே விட்டு விலகியது. அதன் வருவாயில் பெரும்பகுதி கார்டிலிருந்துதான் வந்தது. இருந்தும் ஏன் விட்டது? புதுச் சரக்கின் விலை அறிவிப்பு நாள் வரை தங்களுக்கே தெரிவதில்லை, என்விடியாவே தன் பெயரில் கார்டு செய்து குறைந்த விலைக்கு நேரடியாக விற்கிறது, மார்ஜின் கட்டுப்படியாகவில்லை என்பவை அதன் மனக்குறைகள். கம்பெனி ஒரு கையால் நமக்குச் சரக்கு தந்து, மறு கையால் பெரிய கடைக்கு நம்மைவிட மலிவாகத் தருவதைப் பார்த்த விநியோகஸ்தர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிலர் கடையின் ஒரு பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் போடலாமா என்று யோசிக்கிறார்கள். கார்டில் முதலைப் போடும் முன் இ.வி.ஜி.ஏ.வின் கதையைக் கேட்டு விட்டுப் போடுங்கள்.

பெயரைப் பார்த்து வாங்கலாமா?

முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரித்து விற்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். 2022 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. ஒன்று 16 ஜி.பி., 1,199 டாலர். மற்றது 12 ஜி.பி., 899 டாலர். மெமரியில் மட்டும் வித்தியாசம் என்றால் பரவாயில்லை; உள்ளே இருந்த சிப்பே வேறு. விமர்சனம் பலமாக எழுந்ததும் அக்டோபர் 14-ஆம் தேதி 12 ஜி.பி. கார்டைத் திரும்பப் பெற்றது. அதே சரக்கு 2023 ஜனவரியில் 4070 டி.ஐ. என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. பெயர் மாறியதும் நூறு டாலர் குறைந்து விட்டது பாருங்கள்!

2025-இல், 549 டாலர் 5070 கார்டு முந்தைய உச்சமான 1,599 டாலர் 4090-க்குச் சமமாக ஓடும் என்று மேடையில் சொன்னார்கள். அதற்குள் இருந்த சூட்சுமம் இதுதான்: திரையில் காட்டும் நான்கு படங்களில் ஒன்றைத்தான் கார்டு முழுதாகக் கணக்கிடும், மற்ற மூன்றையும் செயற்கை நுண்ணறிவால் ஊகித்து நிரப்பும். பார்ப்பதற்கு வழவழப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வசதியை நிறுத்தி விட்டுச் சோதித்தவர்களின் அளவையில் 5070, 4090-க்கு நன்றாகவே பின்தங்கியது. ஒரு மூட்டைச் சரக்கையும் மூன்று மூட்டைக் கணக்கையும் சேர்த்து நான்கு மூட்டை என்று எழுதினால் நாம் ஒப்புக் கொள்வோமா?

அப்படியானால் யாருக்கு வாங்கலாம்?

அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கட்டட வரைபடம், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைப் படிக்கும் பிள்ளைக்குக் கார்டு ஒரு தொழில் கருவி. தச்சருக்கு உளி போல. இத்துறை மென்பொருள்களில் பல, என்விடியாவின் கூடா என்ற முறையை நம்பி எழுதப்பட்டவை. அதனால் அந்தப் பிள்ளைகள் என்விடியாவே வேண்டும் என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. மெமரி 12 அல்லது 16 ஜி.பி. இருக்கட்டும். ஆனால் முதல் ஆண்டிலேயே வாங்கித் தர வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவு படிப்பவர்கள் கூகுள் கோலாப் என்ற சேவையில், ஒரு வரம்புக்குள், இலவசமாகவே தூரத்துக் கார்டைப் பயன்படுத்திப் பழகலாம். என் பேரனும் அப்படித்தான் ஆரம்பித்தான். பாடம் முற்றி, வேலை அதில் தேங்குகிறது என்று அவன் காட்டிய பிறகே வாங்குவது பற்றிப் பேசினோம்.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் நடுத்தர ரகம் போதும். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் முன்வரிசையில் இருந்து வருபவை 3060, 4060 போன்ற 60 வரிசைக் கார்டுகளே. உலகம் முழுவதும் ஓடும் சரக்கு அதுதான். ஏ.எம்.டி., இன்டெல் கார்டுகளையும் ஒதுக்க வேண்டாம். இன்டெல் 2024 டிசம்பரில் 12 ஜி.பி. மெமரியோடு பி580 கார்டை 249 டாலருக்கு வெளியிட்டது. ஆனால் 5060 டி.ஐ. வாங்கினால் கவனம், அது ஒரே பெயரில் 8 ஜி.பி.யாகவும் 16 ஜி.பி.யாகவும் வருகிறது.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 5090 முழு வேகத்தில் இழுப்பது 575 வாட், அதாவது ஒரு மிக்ஸி அளவு. வீட்டில் மிக்ஸி பத்து நிமிடம் ஓடும்; பையன் நான்கு மணி நேரம் விளையாடுவான். இரண்டு மாத பில்லில் கார்டு மட்டும் 138 யூனிட். 5070 என்றால் 250 வாட், 60 யூனிட். பெரிய கார்டுக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்காது. 5090-க்கு 1,000 வாட், 5070-க்கு 650 வாட் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. கொட்டேஷனில் அந்தச் செலவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டும் கிடைக்கும், மலிவாகவும் இருக்கும். மின்காசுக்காக இரவு பகலாக ஓடிய கார்டா, வீட்டில் ஓடியதா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். மெஷினில் பொருத்தி அரை மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட விட்டுப் பார்த்து வாங்குங்கள். புதிதானாலும் பழையதானாலும் கார்டின் மேல் உள்ள சீரியல் எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கார்டு செய்த கம்பெனிக்குக் கொடுத்து, வாரண்டி இந்தியாவில் செல்லுமா, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்பதைக் கேட்டு அறிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.