கிண்ணமும் கிராமும்: வீட்டு எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்ற பொடி அளவு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் மக்களுக்குக் கிராம் கணக்கை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு டன் பாறையை உடைத்து அரைத்துச் சில கிராம் தங்கத்தைப் பிரித்தெடுத்த சுரங்கத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு பெங்களூரைச் சார்ந்ததாயிற்று. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக நகருக்குச் செல்கிறது. இரயிலுக்கு முன் ஒரு டம்ளர் காபி என்பது அங்கு பல வீடுகளின் வழக்கம்.

அத்தகைய வீடொன்றில், பெங்களூரில் பணிபுரியும் மகள் தன் சேமிப்பிலிருந்து ஓர் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் வாங்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். தந்தைக்குத் திடமான காபி வேண்டும். எனவே கிண்ணம் நிரம்பப் பொடியிட்டு அழுத்துகிறார்கள். காபி சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கிறது. மறுநாள் பொடியைக் குறைக்கிறார்கள். பத்து விநாடியில் தண்ணீராய் ஓடிவிடுகிறது. இயந்திரம் பழுதென்று எண்ணி அதனைப் பரணில் ஏற்றிவிட்டுப் பழைய பித்தளை ஃபில்டரை எடுக்கிறார்கள். இயந்திரத்தில் குறையில்லை. கிண்ணமும் பொடியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவே. பல ஆயிரம் ரூபாய் முடங்காமல் இருக்க இப்பொருத்தத்தை அறிந்துகொள்வது நலம்.

கிண்ணத்தின் பணி

1901இல் இத்தாலியின் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமை கோரிய இயந்திரத்திலேயே, கைப்பிடியில் பொருத்திய பொடிக் கிண்ணம் இடம்பெற்றிருந்தது. 1948 அளவில் அக்கிலே காஜியாவின் நெம்புகோல் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தபின், உயர் அழுத்தத்தில் இறங்கும் நுரை படர்ந்த காபி உலகெங்கும் பரவியது. இன்றைய இயந்திரங்களில் ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில், 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீர் பொடியினூடே செலுத்தப்படுகிறது. அந்நீர் பொடியின் எல்லாப் பகுதிகளையும் சமமாகக் கடந்து வரவேண்டும். அதற்கு உதவுவதே துளையிட்ட அக்கிண்ணம். கடைகளில் இதனைப் ‘பாஸ்கெட்’ என்பர்.

கிண்ணங்கள் கொள்ளளவால் வேறுபடுகின்றன. ஒற்றைக் கிண்ணம் 7 முதல் 9 கிராம் வரையும், இரட்டைக் கிண்ணம் 14 முதல் 18 கிராம் வரையும், பெரிய கிண்ணம் 20 முதல் 22 கிராம் வரையும் கொள்ளும். விட்டத்திலும் வேறுபாடு உண்டு. வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் 51 அல்லது 54 மில்லிமீட்டர். கடைகளில் பயன்படும் பெரிய இயந்திரங்களில் பெரும்பாலும் 58 மில்லிமீட்டர். ஆகவே புதுக் கிண்ணம் வாங்குமுன் பழையதன் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்வது அவசியம்.

எந்தக் கிண்ணத்திலும் அதற்குரிய அளவினின்று ஒரு கிராம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், அதற்குமேல் கூடாது. நனைந்த பொடி உப்பும். மேலே இடமில்லையெனில் அது இயந்திரத்தின் நீர்த்தட்டில் முட்டி நெரிபடும். நீர் தாறுமாறாக வழி தேடும். பொடி மிகக் குறைந்தால் மேலே நீர் தேங்கி, பொடியைக் குழைத்து, ஓரிடத்தில் ஓட்டை போட்டு ஓடிவிடும். முன்னதில் கசப்பும் பின்னதில் புளிப்பும் மிகுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு ரூபாய்ச் சோதனை

கிண்ணத்திற்குப் பொடி மிகுதியா என்றறிய எளிய வழி ஒன்றுண்டு. பொடியை இட்டு அழுத்தியபின், நன்கு கழுவித் துடைத்த ஒரு ரூபாய் நாணயத்தை அதன்மேல் வையுங்கள். நீரைத் திறக்காமல் கைப்பிடியை இயந்திரத்தில் பொருத்திக் கழற்றுங்கள். நாணயம் பொடிக்குள் அழுந்தியிருந்தால் அளவு அதிகம். ஒரு கிராம் குறைத்து மீண்டும் பாருங்கள். சோதித்த பொடியை அருந்தப் பயன்படுத்த வேண்டாம்.

கரண்டியால் அளப்பது போதாது. மிகக் கருக வறுத்த கொட்டை எடை குறைந்தும் உப்பியும் இருக்கும். இளவறுவல் கனமாக இருக்கும். ஒரே கரண்டியில் இரண்டும் வெவ்வேறு எடை காட்டும். 0.1 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசே இதற்கு உகந்தது.

கணக்கையும் பார்ப்போம். 14 கிராம் கிண்ணத்தில் 18 கிராமைத் திணிப்பவர், காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு 8 கிராம் வீணாக்குகிறார். ஆண்டுக்கு அது 2,920 கிராம். ஏறத்தாழ மூன்று கிலோ. உங்கள் கடை விலையால் அதனைப் பெருக்கினால், தராசின் விலை பெரிதாகத் தோன்றாது.

ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா?

கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் எண்ணற்ற துளைகளினூடே ஒளி தெரிந்தால் அது ஒற்றைச் சுவர்க் கிண்ணம். உள்ளே பல துளைகள் இருந்தும் வெளியே ஒரேயொரு நுண்துளை மட்டும் இருந்தால் அது இரட்டைச் சுவர். இரட்டைச் சுவரில் அந்நுண்துளையே அழுத்தத்தையும் நுரையையும் உண்டாக்குகிறது. ஆதலால் கடையில் அரைத்து வாங்கிய பொடியும் அதில் ஓரளவு நன்றாக இறங்கும். ஒற்றைச் சுவரில் அழுத்தத்தைத் தாங்குவது பொடி மட்டுமே. மிக நுண்ணியதாகவும் சீராகவும் அரைக்கும் கருவி வீட்டில் இல்லையெனில், ஒற்றைச் சுவர்க் கிண்ணம் வாங்குவது வீண் செலவாகும்.

சிக்கரி கலந்த ஃபில்டர் பொடி எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்றதன்று. நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. விகிதம் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். இயந்திரத்திற்குச் சிக்கரி கலவாத பொடியையே கேட்டு வாங்குங்கள்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் எத்தனை பேர் அருந்துவர் எனப் பார்த்துக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, கிண்ணத்திற்குரிய எடையை நிலைநிறுத்துங்கள். அதன்பின் அரவையை மட்டும் மாற்றுங்கள். பொடியைப் போல் இருமடங்கு எடையுள்ள காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்குவது நல்ல தொடக்கம்: 16 கிராம் பொடிக்கு 32 கிராம் காபி. விரைவாக இறங்கினால் இன்னும் நுண்ணியதாகவும், தாமதித்தால் சற்றுப் பருமனாகவும் அரையுங்கள். ஒரே நாளில் எடையையும் அரவையையும் சேர்த்து மாற்றினால், பிழை எங்கு நேர்ந்ததென அறிய இயலாது.

நாம் எண்ணிய அவ்வீட்டில் தந்தையும் மகளும் பால் கலந்தே அருந்துவர். இரட்டைக் கிண்ணத்தில் இறங்கும் 32 கிராமை இரு டம்ளர்களில் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டர் சூடான பால் சேர்த்தால் போதும். தந்தை இன்னும் திடம் விரும்பினால் அவர் பங்கில் பாலைக் குறைக்கலாம்; பொடியைத் திணிக்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் அருந்தும் நாளிலும், குறுகிய ஒற்றைக் கிண்ணத்தைவிட இரட்டைக் கிண்ணமே பழகுவதற்கு எளிது.

பித்தளை ஃபில்டருக்கும் இதுவே விதி. மேற்பாத்திரத்தில் பாதிக்கு மேல் பொடி நிறைந்தால் வெந்நீருக்கு இடமிராது. பெரிய ஃபில்டரில் சிறிதளவு பொடியிட்டால் டிகாக்ஷன் நீர்த்துப் போகும். இருவருக்குச் சிறியதும் விருந்தினருக்குப் பெரியதுமாக இரு ஃபில்டர்கள் வைத்திருந்த நம் மூத்தோர் இதனை அறிந்தே செய்தனர். தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கு நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஃபில்டருக்கு அச்சூடு தாராளமாகப் போதும்.

சரியான எடையும் அரவையும் அமைந்த நாளில் அவற்றை ஒரு சீட்டில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இருள் பிரியாத வேளையில் இரயிலுக்கு விரைபவர் எவராயினும், அச்சீட்டைப் பார்த்து நேற்றைய காபியையே இன்றும் போட்டுக்கொள்ள முடியும். இயந்திரமும் பரணுக்குப் போகாது.