உஷார்! புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த வீடுகளே, காவலைக் கைவிடாதீர்கள்

"எல்லாம் முடிஞ்சுது, இனிப் பயமில்லை."

கடைசி ஊசி மருந்து ஏறி, கதிர் சிகிச்சையும் முடிந்து ஆள் வீடு வந்தால், சண்டிலிப்பாயிலும் மாதகலிலும் ஆனைக்கோட்டையிலும் வீட்டார் முதலில் சொல்வது இதைத்தான். கோயிலில் நேர்த்தியும் தீர்த்தாயிற்று. கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்துச் சொல்லியாயிற்று. ஆபத்து நுழைவது இந்த நிம்மதிக்குள்ளால்தான். இதுவரை தாதியும் டொக்டரும் நாளாந்தம் பார்த்த உடம்பை இனிப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டார். அவர்களோ அன்றைக்குத்தான் ஓய்ந்து போகிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை. சண்டிலிப்பாயிலிருந்து அளவெட்டிப் பக்கத்தால் போனால் தெல்லிப்பழை. அரச வைத்தியசாலை, கட்டணமும் இல்லை. அப்படியிருந்தும் கிளினிக் தவறிப்போவதற்கு ஒரு பெரிய காரணம் ஒளிப்பு. "மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், அங்கே போய் நிண்டால் ஆரும் கண்டிடுவினம்" என்று ஒரு தவணையைத் தள்ளுவார்கள். அடுத்த தவணை தானாகவே தள்ளிப்போகும். மார்பகப் புற்றுநோய் 5 வருடம் கழிந்த பிறகும் திரும்பி வரலாம். வாய்ப் புற்றுநோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் திரும்பும். சம்பந்தம் முடியட்டும் என்று அது காத்திருக்காது.

கீழே உள்ளவற்றை வீட்டில் எல்லாருமாக வாசியுங்கள்.

குளிசையை நிறுத்த விடாதீர்கள். ஹோர்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிபன் போன்ற குளிசையை 5 வருடம், சிலர் 10 வருடம் போட வேண்டும். உடம்பு எரிகிறது, மூட்டு நோகிறது என்று தாங்களாகவே விடுபவர்கள் உண்டு. விட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். தொல்லை தாங்க முடியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில குளிசைகள் டமொக்சிபனின் வேலையைக் கெடுக்கும். எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். மாதவிடாய் நின்றவருக்கு மறுபடி இரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

காய்ச்சலைப் பனடோலால் மூடாதீர்கள். கடைசி ஊசி மருந்துக்குப் பிறகும் சில கிழமைகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் வந்தாலே அவசரம். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

அக்குளில் நிணநீர்க் கட்டிகள் எடுத்த கை வருடங்கள் கழித்தும் வீங்கலாம். கை பாரமாக இருக்கிறது, வளையல் இறுகுகிறது என்றால் அப்போதே காட்டுங்கள், முற்றிய வீக்கத்தை வற்றச் செய்வது கடினம். தோட்டத்தில் முள் குத்திய இடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருந்து வேண்டும். கையை அசைக்காமல் வைத்திருப்பதும் பிழை. சொல்லித் தந்த பயிற்சியைத் தொடருங்கள்.

வாய், கழுத்துப் பக்கம் கதிர் சிகிச்சை பெற்றவருக்குப் பல்லுப் பிடுங்கப் போனால், பல் டொக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பத்து வருடம் கழிந்திருந்தாலும் சொல்லுங்கள். சொல்லாமல் பிடுங்கினால் புண் ஆறாமல் தாடை எலும்பு பட்டுப்போகலாம். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைரொயிட் சுரப்பும் மெல்லக் குறையலாம். ஓயாத களைப்பு, உடம்பு பருத்தல், குளிர் தாங்காமை தெரிந்தால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் அந்த வாய்க்கு இனி வேண்டாம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயைத் தரும். செத்த வீட்டில் தட்டத்தை நீட்டும் உறவினரையும் தடுத்து நிறுத்துங்கள்.

வட்ஸ்அப்பில் வரும் தூளையும் கசாயத்தையும் நம்பி மருந்தை விடாதீர்கள். "வேரோடு அறுக்கும்" என்று விற்பவன் உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்த்ததில்லை. எதையாவது குடிக்கத்தான் வேண்டும் என்றால் அதையும் எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள் நடப்பதையும் பாருங்கள். இது தொற்றுநோய் இல்லை. தனிக் கோப்பை, தனிப் பாய் தேவையில்லை. "இன்னும் என்ன படுக்கை, எல்லாம் சுகம் தானே" என்றும் ஏசாதீர்கள். சிகிச்சைக் களைப்பு மாதக்கணக்கில் இழுக்கும், அது சோம்பல் இல்லை. நோய் திரும்புமோ என்ற பயம் இரவில் கூடும். அழுதால் அழ விடுங்கள், பேசினால் கேளுங்கள். சாப்பாடு இறங்காமல், ஆரோடும் கதையாமல், சாவைப் பற்றியே பேசினால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்குத் தமிழிலும் பேசலாம்.

புதிய கட்டி, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத வாய்ப்புண், விடாத இருமல், ஓரிடத்திலேயே நிற்கும் எலும்பு நோ, காரணமில்லாத மெலிவு, இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். நாரி நோவோடு கால் பலமிழந்தாலோ, சலம் போவதில் தடங்கல் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கால் பலமிழந்தவருக்கு மணித்தியாலம் பிந்தினாலும் கால் நிரந்தரமாக வழங்காமல் போகலாம்.

இன்றைக்கே கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த தவணைத் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். கூடப் போகிறவர் ஆரென்று இப்போதே பேசி முடிவெடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தவணை மட்டும் தவறக் கூடாது.