அடுப்பங்கரைக்கு வந்த மோட்டார் கார்

வீட்டில் பழைய மோட்டார் கார் ஒன்று இருந்துவிட்டால் போதும். இல்லத்தரசிக்கு வேறு சக்களத்தியே வேண்டாம்!

அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, தாத்தா ஓட்டிய அம்பாஸடரோ, கொட்டகையில் பல வருஷங்களாகத் தூங்கிக் கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஞானோதயம் உண்டாகும். "இதைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன், பார்!" என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்குவார். மாலைக்குள் காரின் அங்கங்கள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். மறுநாள் அவை தாழ்வாரத்துக்கு நகரும். மூன்றாம் நாள், "ஏங்க, என் ஊறுகாய் ஜாடி எங்கே?" என்று கேட்டுக் கொண்டு வந்தால், அந்த ஜாடிக்குள் நட்டும் போல்ட்டும் காடியில் ஊறிக் கொண்டிருக்கும்!

இதை வெறும் தமாஷ் என்று தள்ளிவிடுவதற்கில்லை. துருப்பிடித்த பாகங்களுக்கு வீட்டிலேயே முலாம் பூசிக்கொள்ளும் பொழுதுபோக்கு பல நாடுகளிலும் இருக்கிறது. அதில் சிலவற்றை நாமும் தாராளமாகச் செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குள் விடக் கூடாது. ஏன் கூடாது என்பதைப் பாலாற்றங்கரையில் வாழும் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

ஈயம் பூசியது நினைவிருக்கிறதா?

முலாம் நமக்குப் புதிய சமாசாரம் அல்ல. தெருவில் உட்கார்ந்து துருத்தி ஊதிப் பித்தளைப் பாத்திரத்தைச் சுட வைத்து, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றுவாரே, அவர் செய்ததும் முலாம்தான். ஈயப் பூச்சு போன பித்தளையில் புளிக் குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிமார் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நெருப்புக்குப் பதில் மின்சாரத்தைக் கொண்டு பூசுவது மின்முலாம். வோல்ட்டா என்ற இத்தாலியர் 1800-ல் மின்கலத்தைக் கண்டுபிடித்தார். ஐந்தே வருஷங்களில், 1805-ல், புருக்னடெல்லி என்ற இன்னொரு இத்தாலியர் அதைக் கொண்டு வெள்ளியின் மேல் தங்க முலாம் பூசிக் காட்டிவிட்டார். நம் கவரிங் நகைகளுக்கும் மோட்டார் பம்பருக்கும் அவரே மூலபுருஷர் என்று சொல்லலாம்.

தத்துவம் மிகவும் எளிது. உப்புக் கரைசலில் இரண்டு உலோகங்களைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஒன்று கரைந்துபோய் மற்றதன் மேல் படியும். எது கரைய வேண்டுமோ அது மின்கலத்தின் கூட்டல் முனையில். எதன் மேல் படிய வேண்டுமோ அது கழித்தல் முனையில்.

வீட்டில் செய்யக் கூடியது

பழைய கார்களில் சின்னஞ்சிறு போல்ட்டு, கொக்கி, பட்டை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசியிருப்பார்கள். இது வீட்டுக்கு ஏற்ற வேலை. துருப்பிடித்த பாகத்தை ஓர் இரவு காடியில் ஊறப் போட்டுத் தேய்த்தால் துரு கழன்றுவிடும். பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல், துணி போர்த்தியது போல் முழுவதும் படர வேண்டும். முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் முலாம் ஒட்டாது.

இனிக் கரைசல். ஒரு லிட்டர் காடிக்கு 100 முதல் 200 கிராம் வரை எப்சம் உப்பும், கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கலக்க வேண்டும். துத்தநாகத் தகட்டைக் கூட்டல் முனையிலும், போல்ட்டைக் கழித்தல் முனையிலும் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றரை முதல் மூன்று வோல்ட் வரையுள்ள மின்கலத்தை இணைத்தால், அரை மணி நேரத்தில் சாம்பல் நிறப் படலம் படியும். பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தால் மெருகு வரும். சுவரில் உள்ள மின்சாரத்தோடு நேராக விளையாடுவது உயிருக்கு ஆபத்து. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், கையுறையும் கண்ணாடியும் இருக்கட்டும், பாத்திரம் சமையலறைக்குத் திரும்பி வர வேண்டாம். குழந்தைகள் கிட்டே போகாமல் பார்த்துக் கொள்வதும் முக்கியம்.

எவர்சில்வர் கரண்டி ஜாக்கிரதை!

துத்தநாகத் தகடு கிடைக்கவில்லையென்று வீட்டுக்காரர் எவர்சில்வர் கரண்டியை எடுத்துக் கூட்டல் முனையில் மாட்டப் போனால், சட்டென்று பிடுங்கிக் கொள்ளுங்கள். கரண்டி போய்விடுமே என்பதற்காக அல்ல. எவர்சில்வரில் குரோமியம் கலந்திருக்கிறது. மின்சாரம் பாயும்போது அந்தக் குரோமியம் விஷமாகக் கரைந்து வரக் கூடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்பிரிங், பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எஃகுப் பாகங்களுக்கு வீட்டில் முலாம் பூசவே கூடாது. அமிலத்திலும் கரைசலிலும் உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து, அதை உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும். பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். பாரம் ஏறும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் முறிந்துவிடும். பட்டறைகளில் இத்தகைய பாகங்களை முலாம் பூசிய கையோடு சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து, அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். குடும்பம் ஏறிப் போகிற வண்டியில் இதைப் பரீட்சை பார்ப்பது தகாது.

பம்பரின் பளபளப்பு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முகம் பார்க்கலாம் போல மின்னும் பம்பர், கிரில், கைப்பிடி எல்லாம் குரோமிய முலாம். 1920-களின் நடுவில்தான் இது வியாபாரத்துக்கு வந்தது. அதற்கு முன் கார்களுக்குப் பித்தளையும் நிக்கலும்தான் அழகு. பம்பரில் நாம் பார்க்கும் ஒளியில் பெரும்பகுதி உண்மையில் அடியில் உள்ள நிக்கலுக்கும், அதற்கு மெருகேற்றிய கைகளுக்கும் சொந்தம். மேலே உள்ள குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குகூட இராது!

அத்தனை மெல்லிய படலத்துக்குத்தான் குரோமிக் அமிலத் தொட்டி வேண்டும். அதில் பாய்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி முலாம் பூசப் பயன்படாமல் வாயுக் குமிழிகளாகப் போய்விடுகிறது. குமிழி ஒவ்வொன்றும் வெடிக்கும்போது அமிலத் திவலை காற்றில் கலக்கிறது. அதைச் சுவாசித்தால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். தோலில் ஆறாத புண் வரும். நுரையீரலில் புற்றுநோயும் உண்டாகும். இது ஆறு இணைதிறன் உள்ள குரோமியம். பழைய குரோமியத்தை மின்சாரத்தால் உரிக்கும்போதும் இதே விஷம்தான் வெளிப்படும். அமிலமும் மின்கலமும் கைக்குக் கிடைக்கின்றன என்பதற்காகக் கொல்லைப்புறத்தில் செய்கிற காரியம் அல்ல இது.

பாலாறு சொல்லும் பாடம்

ஒரு காலத்தில் நம் நாட்டுத் தோலை ஆவாரம்பட்டைச் சாறு பதப்படுத்தியது. பிறகு குரோமியம் வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் "வெட் புளூ" என்று சொல்லும் நீலத் தோலுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது மூன்று இணைதிறன் குரோமியம். இது அத்தனை கொடியதல்ல. ஆனால் தாதுவிலிருந்து குரோமிய ரசாயனங்களைத் தயாரிக்கும்போது ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் குவியலாக விட்டுச் சென்றது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. நிலத்தடி நீரும் கெட்டது. 2006-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் உலகிலேயே மிகவும் அசுத்தமடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, அதில் ராணிப்பேட்டையும் இடம் பெற்றது.

தோல் பதனிடும் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்பளித்தது. அந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற விவரம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

வருமுன் காப்பது வீட்டுக்கும் பொருந்தும் அல்லவா? தொழிற்சாலை அளவில் நடந்ததைக் குடும்ப அளவில் நாம் ஏன் செய்ய வேண்டும்?

இல்லத்தரசியின் தீர்ப்பு

ஆகையால் வீட்டுக்காரரிடம் இப்படி ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். சின்ன போல்ட்டும் கொக்கியும் வீட்டில்; பம்பரும் கிரில்லும் கழிவைச் சுத்தம் செய்யும் வசதியுள்ள முலாம் பட்டறையில். மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கொண்டே முலாம் பூசும் முறையும் இப்போது வந்திருக்கிறது, விசாரிப்பதில் தப்பில்லை. வீட்டுத் துத்தநாகக் கரைசலையும் சாக்கடையில் கொட்ட வேண்டாம். அதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். கடைசியில் சலவைச் சோடாவைப் போட்டால் வெள்ளை வண்டல் அடியில் தங்கும். மேலே நிற்கும் நீரையும் சேர்த்துப் பிளாஸ்டிக் கேனில் மூடி, சீட்டு ஒட்டி, அதே பட்டறையில் ஒப்படைத்துவிடலாம்.

வண்டி தயாரானதும் முன் ஸீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து போய் வாருங்கள். பம்பரில் உங்கள் முகம் தெரியட்டும். அந்தப் பளபளப்புக்காக யார் வீட்டுக் கிணற்றிலும் மஞ்சள் நீர் ஊறவில்லை என்ற நிம்மதியோடு அதைப் பார்க்கலாம்.

ஊறுகாய்க்கு மட்டும் புது ஜாடி வாங்கித் தரச் சொல்ல மறந்துவிடாதீர்கள்!