மேசை நாற்காலிக்கும் வரலாறு உண்டு

கோலா கெத்தில், பாலிங், கூலிம், சுங்கை பட்டாணி. கெடா மாநிலத்தின் இந்தப் பட்டணங்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்தவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையாவது நினைவில் நிற்கும். அப்பா கல்லாவில் இருப்பார். அம்மா அடுப்படியில் நிற்பார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் இலை போடுவார்கள். பளிங்குக்கல் பதித்த வட்ட மேசை, வளைந்த முதுகு வைத்த மர நாற்காலி, வடை அடுக்கிய கண்ணாடி அலமாரி, சுவர் நிறையச் சாமி படங்கள். இப்படிப்பட்ட கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மூடாத கடைகளிலும் பழைய சாமான்கள் போய் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம்.

சாப்பாடு மட்டுமா விற்றார்கள்?

ரப்பர் தோட்டக் காலத்தில் சம்பள நாளன்று தோட்டத்து மக்கள் பட்டணத்திற்கு வருவார்கள். முதலில் நுழைவது சாப்பாட்டுக் கடைதான். பசியாறிக்கொண்டே கடன் கணக்கைத் தீர்ப்பார்கள். எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், எந்தக் கோயிலில் திருவிழா என்பதெல்லாம் அந்த மேசைகளில்தான் தெரியவரும். பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள்.

1950, 60ஆம் ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதைச் சமாளிக்கவே 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்கள் இடிபட்டன, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். வாடிக்கையாளர் போனதால் கடைகளும் தளர்ந்தன. ஆக, தோட்ட வாழ்வின் தடயம் தேடுபவருக்குப் பல ஊர்களில் எஞ்சியிருப்பது ஒரு கோயிலும் ஒரு பழைய கடையும்தான்.

சட்டம் காப்பாற்றுமா?

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. அது 2006 மார்ச் முதல் நாள் அமலுக்கு வந்தது. கட்டடம், பொருள், கலை, வழக்கம் என எல்லாவற்றையும் பதிவேட்டில் சேர்க்க அதில் வழி உண்டு. தேசிய பாரம்பரியமாக ஒன்றை அறிவிக்கும்படி பொதுமக்களில் எவரும் பரிந்துரைக்கலாம். ஆனால் பதிவாகாததற்குப் பாதுகாப்பு குறைவு. கெடா மக்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, முறைப்படி அரசிதழில் பதியப்படாத நிலையில் 2013இல் இடிக்கப்பட்டது. சண்டிக்கே அந்தக் கதி என்றால் சாப்பாட்டுக் கடை எம்மாத்திரம்?

வாடகை இன்னொரு பிரச்சினை. போருக்கு முந்திய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997இல் ரத்து செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பல பழைய குடும்பங்களும் கடைகளும் இடம் பெயர்ந்தன. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. கட்டடம் நின்றது, ஆனால் உள்ளே இருந்தவர்களில் பலர் அப்போது அங்கில்லை.

மற்றவர்கள் செய்தது

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1900 முதல் ஒரு இத்தாலியக் குடும்பம் நடத்திவரும் பெல்லிச்சி என்ற சிற்றுண்டிக் கடை 2005இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. முக்கியக் காரணம், 1946இல் உள்சுவர்களில் பதித்த மரவேலைப்பாடு. அதாவது, கடையின் உட்புறத்துக்கே மதிப்புக் கிடைத்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015இல், பொதுவாக 30 ஆண்டுக்கு மேல் நடக்கும் வியாபாரங்களுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. அத்தகைய கடைக்குப் பத்தாண்டுக்குக் குறையாத வாடகை ஒப்பந்தம் தரும் கட்டட உரிமையாளருக்கும் மானியம் தர அந்நகர வாக்காளர்கள் அதே ஆண்டில் ஒப்புதல் அளித்தார்கள். கடைக்காரரை மட்டும் தாங்கினால் போதாது, வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

மலேசியாவின் காலைப் பசியாறும் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் இடம்பெற்றன. பண்டத்துக்குப் பெருமை வந்துவிட்டது. அதைப் பரிமாறிய மேசைக்கு எப்போது வரும்?

இன்றே செய்யக்கூடியவை

பணம் இல்லாமலும் சில காரியங்கள் நடக்கும். கடையை நான்கு பக்கமும் படம் எடுத்து, மேசை நாற்காலிகளின் அளவையும் வாங்கிய காலத்தையும் குறித்து வைக்கலாம். மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்யலாம். கடன் புத்தகம், பழைய உரிமப் பத்திரம், பெயர்ப்பலகை ஆகியவற்றைக் குப்பையில் போடாமல் காக்கலாம். சுகாதார அதிகாரி எதிர்பார்ப்பது சுத்தம். பளிங்கு மேசையைத் துடைத்தாலே போதும், தூக்கி எறியத் தேவையில்லை. கூரை ஒழுகினால் முதலில் அதைப் பழுதுபார்க்க வேண்டும். மரத்துக்கு ஈரமும் கரையானும்தான் முதல் எதிரி.

பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. அவர்களைப் படிக்க வைத்ததே அந்தக் கல்லாப்பெட்டிதான். கடையை நடத்த ஆள் இல்லாமல் போகலாம். அப்போது அந்த மேசைகள் பழைய சாமான் வியாபாரியின் லாரியில் ஏறுமுன், ஊர்ப் பள்ளியோ கோயில் மண்டபமோ ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கி, எந்தக் கடையுடையது என்று எழுதி வைத்தால், அந்தக் குடும்பத்தின் உழைப்புக்கு ஊரில் ஓர் அடையாளம் இருக்கும்.